மென்பொருட் கையேடுகளின் உரைநடை

திறனாய்வு என்றவுடன் நம் உள்ளம் கவிதையையும் காவியத்தையும் நாடுகின்றது. சிறிது இறங்கி வருவோர் நாவலையும் சிறுகதையையும் எடுத்துக்கொள்வர். ஒரு கருவியை எவ்வாறு இயக்குவது என்று கூறும் உரைநடையைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வார் அரியர். அது இலக்கியமன்று, வெறுங் குறிப்பே என்பது பலர் எண்ணம். இலக்கியமன்று என்பது உண்மையே. ஆயினும், படித்த மறுகணமே வாசகனின் கையை ஒரு செயலில் இறக்கும் உரைநடை இதுபோற் பிறிதில்லை. கவிதையைப் பிழைபட உணர்ந்தவன் ஒரு நயத்தை இழக்கின்றான். கையேட்டைப் பிழைபட உணர்ந்தவன் ஓராண்டு உழைப்பை இழக்கலாம், சிலவேளை பிறர் உயிருக்கும் ஊறு செய்யலாம். வங்கியும் மருத்துவமனையும் பரீட்சை மண்டபமும் மென்பொருளை நம்பி இயங்கும் இந்நாளில், அம்மென்பொருளை விளக்கும் எழுத்து எத்தகையது என்று ஆராய்தல் கற்றோர் கடனாகும்.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே. கையேட்டின் சொற்களைத் திருத்துவது, கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்ற வேலையன்று. அத்திருத்தம் கருவியையே சோதிக்கும் சோதனையாகும். தெளிவாக எழுத முயல்பவன், தெளிவாக எழுதவொண்ணாத இடத்தை அடைவான். அவ்விடத்திற் குற்றம் பெரும்பாலும் சொல்லில் இல்லை, பொருளில் இருக்கும். இதனை எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

முதற்கண், கையேட்டை வாசிப்பவன் யாவன் என்பதை நோக்குதல் வேண்டும். காவியம் படிப்பவன் ஓய்ந்த மனத்தோடு தொடக்கத்திலிருந்து படிக்கின்றான். பாடநூல் படிப்பவன் ஆசிரியர் துணையோடு படிக்கின்றான். கையேடு படிப்பவனோ இடருற்ற வேளையில், நூலின் நடுவே புகுந்து, தனக்கு வேண்டிய ஒன்றை மட்டுந் தேடுகின்றான். முன்னைய அதிகாரத்திற் கூறப்பட்ட வரைவிலக்கணம் அவனுக்குத் தெரியாது. பின்னைய அதிகாரத்தில் வரும் எச்சரிக்கையை அவன் காணப்போவதில்லை. அவன் கண் ஒரு வாக்கியத்தில் நிற்கின்றது. அவன் விரல் ஒரு விசையின்மேல் நிற்கின்றது. ஆகவே, கையேட்டு வாக்கியத்தின் நன்மை தீமையை அறியும் உரைகல் ஒன்றே: இதைப் படித்தவன் அடுத்து யாது செய்வான்? எழுதினோன் கருதியதைச் செய்வானாயின் வாக்கியம் நன்று. பிறிதொன்றைச் செய்வானாயின், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாதிருப்பினும் வாக்கியம் தீது.

நூற்குற்றங்களைப் பத்தென வகுத்த நன்னூலார் அவற்றுள் மயங்க வைத்தலையும் ஒன்றாக வைத்தார். பொருள் இதுவோ அதுவோ என வாசகனை ஐயுற வைப்பதே அது. மென்பொருட் கையேடுகளில் இம்மயக்கம் இரு வழியாற் பிறக்கின்றது. ஒரு பொருளுக்குப் பல பெயர் இடுதல் ஒன்று. பல செயலுக்கு ஒரு பெயர் இடுதல் மற்றொன்று. இரண்டுக்கும் தக்க எடுத்துக்காட்டாக, உலகெங்கும் செய்நிரலாளர் நாடோறும் கையாளும் ‘கிற்’ என்னும் மென்பொருளைக் கொள்ளலாம்.

கிற் என்பது செய்நிரலில் நேரும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைத்து, வேண்டியபோது பழைய நிலையை மீட்டுத்தருங் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ், தம் பணிக்கெனவே 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இதனை உருவாக்கினார். இதில், ஒரு மாற்றத்தை வரலாற்றிற் பதியுமுன், பதியவேண்டியவற்றைத் தெரிந்து வைக்கும் இடைத்தளம் ஒன்று உண்டு. பரீட்சை விடைத்தாள்களைக் கட்டி அனுப்புமுன், அனுப்பத்தக்கவற்றை மேசையின் ஒருபுறம் எடுத்து வைப்பது போன்றது அது. கருத்து எளியது, மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கலாம்.

ஆனால் இவ்விடைத்தளத்துக்குக் கையேடு வழங்கும் பெயர்கள் மூன்று. ஓரிடத்தில் அது ‘இன்டெக்ஸ்’ எனப்படும். பிறிதோரிடத்தில் ‘காஷ்’ எனப்படும். மற்றோரிடத்தில் ‘ஸ்ரேஜ்’ என்னுஞ் சொல்லடியாகப் பிறந்த பெயரால் வழங்கப்படும். கருவி வளர்ந்த வரலாற்றில் ஒவ்வொரு காலத்தார் இட்ட பெயர்கள் இவை. மூன்றும் ஒன்றே என்று மாணவன் ஒருவாறு தெளிந்தபின் வேறோர் இடர் வருகின்றது. சில கட்டளைகளோடு ‘காஷ்ட்’ எனச் சேர்த்தால், அக்கட்டளை இடைத்தளத்தில் மட்டுஞ் செயற்படும். ‘இன்டெக்ஸ்’ எனச் சேர்த்தால், இடைத்தளத்திலும் கண்முன் உள்ள கோப்புகளிலும் ஒருங்கே செயற்படும். பெயர்ச்சொற்களாக நின்றபோது ஒரு பொருட் பன்மொழியாக இருந்தவை, கட்டளைக் குறிகளாக நிற்கும்போது வேறு வேறு பொருள் தருகின்றன! இவ்வேறுபாட்டை விளக்குவதற்கென்றே கையேட்டில் ஒரு பகுதி எழுதவேண்டியதாயிற்று. அப்பகுதி பிழையின்றி எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அப்படி ஒரு பகுதி வேண்டியிருப்பதே பெயரீட்டின் குறைக்குச் சான்றாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருதல் வேண்டும். செய்யுளிலும் மேடைப்பேச்சிலும் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் ஆளுதல் குறை என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கின்றோம். ‘கதிரவன்’ என்று முதலில் எழுதியவன் அடுத்த வரியில் ‘ஞாயிறு’ என்றும், அதற்கடுத்த வரியிற் ‘பரிதி’ என்றும் எழுதினால் நாம் மகிழ்ந்து புள்ளியிடுகின்றோம். கையேட்டிலோ அதுவே பெருங்குற்றம். சொல் மாறினாற் பொருளும் மாறியது என்று கொள்வதே அங்கு வாசகனுக்கு முறை. ஆதலின், கட்டுரை வகுப்பிற் பெற்ற நற்பழக்கமே கையேட்டுப் பணியில் தீப்பழக்கமாக முடிகின்றது. இருவகை உரைநடைக்கும் இலக்கணம் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

இனி இரண்டாவது மயக்கத்தைக் காண்போம். கிற் கருவியில் ‘செக்கவுற்’ என்று ஒரு கட்டளை உண்டு. இக்கட்டளை இரு தொழில் செய்யும். வேலையின் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குச் செல்வது ஒன்று. ஒரு கோப்பில் நாம் செய்த மாற்றங்களைக் கைவிட்டு, முன்னர் வைத்திருந்த நிலையை மீட்பது மற்றொன்று. இவை இயல்பால் வேறுபட்டவை. கிளை மாறும்போது, நாம் பதியாது வைத்திருக்கும் மாற்றங்கள் அழியக்கூடும் என்று காணின், கருவி கட்டளையை ஏற்க மறுத்து நம்மைக் காக்கின்றது. கோப்பை மீட்கும்போதோ அதே கட்டளை, பதியாத மாற்றங்களை ஒரு வினாவும் எழுப்பாது அழித்துவிடுகின்றது. ஒரு பெயர்; ஒரு வழி காவல், மறு வழி அழிவு.

இதற்குக் கையேடு எழுதுபவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கட்டளையின் பயனை ஒரே வாக்கியத்திற் கூறுதல் கையேட்டு மரபு. அவ்வாக்கியத்தில் ‘அல்லது’ என்னுஞ் சொல்லை இடாமல் அவன் எழுதமுடியாது. அந்த ‘அல்லது’ சொல்லின் குறையன்று. கருவியின் குறை வாக்கியத்தில் வெளிப்பட்ட இடம். எத்துணை எழுதுவல்லோன் வரினும் அதனை மறைக்கலாமேயன்றி நீக்கல் இயலாது. நெடுங்காலம் பயனர் தடுமாறியபின், 2019ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்த 2.23ஆம் பதிப்பில், கிளை மாறுதற்குச் ‘சுவிச்’ எனவும், கோப்பை மீட்பதற்கு ‘றெஸ்ரோர்’ எனவும் இரண்டு புதிய கட்டளைகள் தரப்பட்டன. பழைய கட்டளை பழகினோர் பொருட்டு இன்றும் நிலைத்திருக்கின்றது. புதிய இரண்டிற்கும் கையேட்டின் முதல் வாக்கியம் ‘அல்லது’ இன்றி அமைந்தது. சொல்லைத் தெளிவாக்க விரும்பினால் பொருளைப் பிரித்தல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை புதிதன்று. கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆந் திகதியிடப்பட்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒழுங்கு: பெயர், அமைப்பு, விளக்கம், தொடர்புடைய கோப்புகள் என்றவாறு. நன்னூலார் அழகுகளுள் ஒன்றாக வைத்த முறையின் வைப்பு என்பதற்கு இது நல்ல இலக்கியம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எதை எங்கே தேடுவது என்பது வாசகனுக்கு முன்னமே தெரியும்.

அவ்வொழுங்கின் இறுதிப் பகுதிகளுள் ஒன்று நம் கருத்தை ஈர்க்கத்தக்கது. ‘குறைகள்’ என்பது அதன் தலைப்பு. இக்கட்டளை எங்கே தவறும், எதைச் செய்யாது என்று கருவியை ஆக்கியவரே அங்கு எழுதி வைத்தனர். விற்பனையை நோக்கும் எழுத்தில் இவ்வொழுக்கத்தைக் காண்டல் அரிது. அதன் பயன் இரண்டு. வாசகன் எச்சரிக்கை பெறுகின்றான் என்பது வெளிப்படை. எழுதுபவனோ, தன் குறையைத் தன் கையாலே எழுத நாணி, எழுதுவதை விடத் திருத்துவதே எளிது என்று கருவியை நோக்கித் திரும்புகின்றான். அக்கையேட்டின் பிற்காலப் பதிப்புகளைச் செம்மைசெய்தவருள் ஒருவரான டக்ளஸ் மக்கில்றோய், விளக்கமும் கருவியும் ஒன்றையொன்று திருத்தவேண்டும் என்னும் நெறியிற் பெயர்பெற்றவர். கையேட்டு ஆசிரியன் கருவியின் முதற் பயனருமாவான், முதல் நீதிபதியுமாவான் என்பது இதனாற் பெறப்படும்.

மயங்க வைத்தலினுங் கொடியது குன்றக் கூறல். கூறவேண்டியதைக் கூறாது விடுதலின் விளைவு எத்துணைக் கடியது என்பதற்கு மருத்துவத் துறையில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்று பகரும். தெறாக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவஞ் செய்யும் பொறி. கனடாவின் அணுச்சக்தி நிறுவனம் ஆக்கியது. 1985ஆம் ஆண்டு யூன் மாதத்துக்கும் 1987ஆம் ஆண்டு சனவரி மாதத்துக்கும் இடையில், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்பொறியால் ஆறு நோயாளர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவருட் சிலர் உயிர் துறந்தனர்.

1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரெக்சாஸ் மாநிலத்துத் தைலர் நகர மருத்துவமனையில் நிகழ்ந்ததை நோக்குவோம். பொறியை இயக்கியவர் தட்டச்சில் ஓரெழுத்தை மாற்றி இட்டார். உடனே கண்டு திருத்தினார். திருத்திய விரைவைச் செய்நிரல் சரியாகக் கையாளவில்லை. திரையில் ‘கோளாறு 54’ என்னும் பொருள்பட ஒரு செய்தி தோன்றியது. இயக்குநருக்குத் தரப்பட்ட கையேட்டில் இவ்வெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொறியோடு வந்த மற்றோர் ஏட்டில், அளவு உள்ளீடு தொடர்பான இரண்டாவது கோளாறு என்று பொருள்படும் இரண்டொரு சொற்களே காணப்பட்டன. செலுத்தப்பட்ட அளவு மிகுதியாகவோ குறைவாகவோ இருந்தது என்பதே அதன் பொருள் என்று பின்னர்த் தெரியவந்தது. மிகுதிக்கும் குறைவுக்கும் ஒரே எண்! திரையோ அளவு குறைந்தது என்று காட்டியது. இத்தகைய செய்திகளை நாடோறுங் கண்டு பழகிய இயக்குநர், தொடர்க என்னும் விசையை அழுத்தினார். நோயாளர் மீண்டுந் தாக்குண்டார்.

இத்துயரத்துக்குக் கையேடே காரணம் என்று கூறின் அது உண்மைக்கு மாறாகும். நான்சி லெவ்சன், கிளார்க் ரேணர் என்னும் இருவர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, காரணங்கள் பல என்று காட்டியது. செய்நிரலிற் பிழை இருந்தது. முன்னைய பொறிகளில் இருந்த மின்னிணைப்புக் காவல்கள் நீக்கப்பட்டிருந்தன. முறைப்பாடுகள் தக்கவாறு ஆராயப்படவில்லை. ஆயினும் காவல்கள் யாவும் தவறியபின் எஞ்சி நின்ற வேலி சொல் ஒன்றே. அச்சொல் யாதும் உணர்த்தவில்லை. ‘அளவு மிகுந்திருக்கக்கூடும், தொடரற்க, நோயாளரைப் பாருங்கள்’ என்று எழுதப் புகுந்த ஒருவன் இருந்திருப்பின், அவன் முதலில் வினவியிருப்பான்: மிகுந்ததா, குறைந்ததா? இரண்டுக்கும் ஓரெண் ஏன்? இத்தகைய நிலையில் தொடர்க என்னும் விசை வேலை செய்வதேன்? தெளிவான ஒரு வாக்கியத்தை எழுதும் முயற்சி, பொறியைச் செய்தோர் எழுப்பாத வினாக்களை எழுப்பியிருக்கும். இதுவே நம் கருத்தின் உள்ளீடு.

அற்றேல், தெளிவை நாடின் நுட்பம் கெடும். துறைச்சொற்களை நீக்கி எளிமையாக எழுதப்புகின் உண்மை சிதையும் எனின், அற்றன்று. நுட்பத்தைக் காப்பது அரிய சொல் அன்று, வரையறுத்த சொல்லே. இணையம் இயங்குதற்கான விதிகளை வகுக்கும் ஆவணங்களில் இதற்குச் சான்றுண்டு. ஸ்கொற் பிறட்னர் 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எழுதிய, 2119 என்னும் எண் கொண்ட ஆவணம் சில பக்கங்களே உடையது. அது புதுச்சொல் ஒன்றையும் படைக்கவில்லை. ‘மஸ்ற்’, ‘ஷுட்’, ‘மே’ என ஆங்கிலச் சிறுவரும் அறிந்த துணைவினைகளை எடுத்து, முதலாவது விலக்கற்ற கடப்பாடு, இரண்டாவது தக்க காரணமிருப்பின் விளைவறிந்து விலகத்தக்க பரிந்துரை, மூன்றாவது விருப்பம் என வரையறுத்தது. எளிய சொல்லும் நுட்பமும் ஒருங்கே நின்றன.

அங்கும் ஒரு மயக்கம் எஞ்சியது. அச்சொற்கள் சிறிய எழுத்தில் வரும்போதும் இவ்வரையறை பொருந்துமா என்று வாசகர் ஐயுற்றனர். 2017ஆம் ஆண்டு 8174 என்னும் எண் கொண்ட ஆவணம், பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே பொருந்தும் என்று அதனைத் தீர்த்தது. இருபது ஆண்டின் பின்னும் ஒரு சொல்லின் எல்லையைத் திருத்த வெட்காதிருந்தமை பாராட்டத்தக்கது. விமானங்களைப் பேணுவோர்க்கான கையேடுகளிலும் இந்நெறியே காணப்படும். ஐரோப்பிய விமானத் தொழிலார் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய ஆங்கில விதிகள், ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே என்று வரையறுத்தன. செய்முறை கூறும் வாக்கியம் 20 சொற்களுக்கு மேற்படலாகாது என்பதும் இன்று அவ்விதிகளுள் ஒன்று. அங்கே ஆங்கிலத்தின் ‘ஃபொலோ’ என்னுஞ் சொல் பின்னே வருதலை மட்டுங் குறிக்கும்; கட்டளைக்குப் பணிதலைக் குறிக்க வேறு சொல் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பொறிவினைஞன் மயங்கலாகாது என்பதே நோக்கம்.

இனி, ஒரு வாக்கியத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். கணினியிலுள்ள கோப்புகளை வெளித்தட்டு ஒன்றிற் படியெடுத்துக் காக்கும் செய்நிரல் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அதன் தமிழ்க் கையேடு, இந்நாளிற் பெருவழக்கான நடையில் இவ்வாறு அமையக்கூடும்: “உரிய சீராக்கங்கள் மேற்கொள்ளப்பட்டதன் பின்னர், பயனரால் தெரிவுசெய்யப்பட்ட கோப்புகளின் ஒத்திசைவு ஆரம்பிக்கப்படுவதுடன், இலக்கிடத்திற் காணப்படும் பொருந்தாத உருப்படிகள் அகற்றப்படலாம்.”

இவ்வாக்கியத்தில் இலக்கண வழு இல்லை, கம்பீரமும் உண்டு. ஆயினும் நம் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். சீராக்கங்களை மேற்கொள்வது யார், பயனரா செய்நிரலா? ‘உரிய’ என்பவை எவை? ‘கோப்பு’ என்று தொடங்கி ‘உருப்படி’ என்று முடிந்தது ஏன். இரண்டும் ஒன்றா வேறா? ‘இலக்கிடம்’ யாது? எல்லாவற்றினும் மேலாக, ‘அகற்றப்படலாம்’ என்பதன் பொருள் என்ன? அகற்றுதற்கு நமக்கு அனுமதி உண்டு என்பதா, அகன்றுபோகும் ஆபத்து உண்டு என்பதா? வாக்கியத்தின் உயிர் இச்சொல்லில் இருக்கின்றது. அச்சொல் வாக்கியத்தின் வாலில், மயங்கக் கிடக்கின்றது.

இதனைத் திருத்த அமர்பவன் அகராதியை எடுத்தாற் பயனில்லை. அவன் செய்நிரலை ஆக்கியோரிடஞ் சென்று வினவல் வேண்டும்: வெளித்தட்டில் மட்டும் உள்ள கோப்புகளை இது எப்போதும் அழிக்குமா, சிலவேளை மட்டுமா? அழிந்தவற்றை மீட்கலாமா? விடை பெற்றபின் அவன் எழுதுவது பின்வருமாறு அமையும்:

“இச்செய்நிரல் உங்கள் கணினியிலுள்ள கோப்புகளை வெளித்தட்டிற் படியெடுக்கும். எச்சரிக்கை: வெளித்தட்டில் மட்டும் உள்ள கோப்புகளை இது அழித்துவிடும். அழிந்தவற்றை மீட்க முடியாது. 1. வெளித்தட்டைத் திறந்து, அங்கு மட்டும் உள்ள கோப்புகள் உண்டா எனப் பாருங்கள். 2. இருந்தால், அவற்றைக் கணினியிற் படியெடுத்து வையுங்கள். 3. பின்னர் ‘ஒத்திசை’ என்னும் பொத்தானை அழுத்துங்கள்.”

சொற்கள் பெருகின, வாசகன் செலவிடுங் காலமோ குறைந்தது. சுருங்கச் சொல்லல் என்பதைச் சொற்களை எண்ணி அளத்தல் கூடாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நன்னூலார் சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தலை வைத்தமையின் கருத்து, விளக்கங் கெடாத சுருக்கமே சுருக்கம் என்பதுபோலும். அன்றியும், இவ்வாறு எழுதி முடித்தவன் அத்தோடு அமைதியுறான். ‘பொத்தானை அழுத்தியவுடன், இன்ன கோப்புகள் அழியப்போகின்றன, சம்மதமா என்று செய்நிரலே வினவினால், என் எச்சரிக்கைக்கு இடமில்லாது போகுமே’ என்று எண்ணுவான். அவ்வெண்ணத்தை ஆக்கியோரிடங் கூறுவான். அப்போது கையேடு மீண்டுஞ் சுருங்கும், கருவியுஞ் செம்மையுறும்.

மேற்காட்டிய வாக்கியத்தின் குறைகளுட் சில தமிழுக்கே உரியவை. அவற்றைத் தமிழாசிரியர் தனியே கருதல் வேண்டும். ‘இதை அழிக்கலாம்’ என்பது அனுமதி. ‘இது அழியலாம்’ என்பது அச்சம். தன்வினையும் பிறவினையும் நிற்குமளவும் இவ்வேறுபாடு தெளிவு. செயப்பாட்டு வினையாக்கி ‘அழிக்கப்படலாம்’ என்றவுடன் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘வேண்டும்’ என்பதும் அவ்வாறே. ‘கடவுச்சொல் எட்டெழுத்து இருத்தல் வேண்டும்’ என்புழி அது விலக்கற்ற விதி. ‘கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும்’ என்புழி அறிவுரை. இணைய ஆவணத்தார் ஆங்கிலத்திற் பிரித்துக் காட்டிய இரண்டையும் நாம் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். ‘மாற்றுதல் நன்று’, ‘மாற்றாவிடில் இயங்காது’ என விளைவைச் சேர்த்து எழுதின் மயக்கம் நீங்கும். தமிழில் வளமில்லை என்பதன்று குறை. உள்ள வளத்தை இத்துறைக்கெனப் பகுத்து வையாமையே குறை.

பெயரீட்டிலும் நாம் கிற் கையேட்டினரை நகைக்கத் தகுதியுடையோம் அல்லேம். ‘கணினி’ என்றும் ‘கணனி’ என்றும் நம் நாட்டிலேயே இருவகையாக எழுதுகின்றோம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிற் பயிலும் நம் மாணவன், பாடநூலில் ‘செய்நிரல்’ என்றும், தமிழகத்து நூலில் ‘நிரல்’ என்றும் காண்கின்றான். எச்சொல் சிறந்தது என்னும் வழக்கு முடிவுறாது நீளலாம், அது நீளுக. ஆனால் ஒரு நூலினுள், ஒரு கருவியின் திரையினுள், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே வருதல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. சிறந்த சொல் இருமுறை மாறுவதினும் நடுத்தரச் சொல் மாறாது நிற்றல் வாசகனுக்கு நலம்.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது யாது? நம் கட்டுரைப் பாடத்தில் வருணனைக்கு இடமுண்டு, வாதத்துக்கு இடமுண்டு, கடிதத்துக்கும் இடமுண்டு. செய்முறை கூறும் எழுத்துக்கும் ஓரிடம் வேண்டும். மிதிவண்டியின் கழன்ற சங்கிலியை மாட்டுவது எவ்வாறு என்று ஒரு மாணவனை எழுதச் செய்க. அதனை மற்றொருவன் கையிற் கொடுத்து, எழுதியதை மட்டுஞ் செய்யுமாறு பணிக்க. எழுதியவன் வாய் திறவாது நிற்க. எங்கே கை தயங்குகின்றதோ அங்கே வாக்கியம் பிழை. செந்நிறப் பேனையால் ஆசிரியர் இடும் குறியினும் அத்தயக்கம் மாணவனுக்கு மிகுதியாகக் கற்பிக்கும். நாவலர் பெருமான் பாலபாடங்களை எழுதியபோது, கற்கும் பிள்ளையின் நிலையை முன்னிறுத்தியே வசனத்தை அமைத்தார். அம்மரபு நம்முடையது. சமயத்துக்கும் இலக்கணத்துக்கும் பயன்பட்ட அந்நடை கருவிகளுக்கும் பயன்படும்.

கணினித் துறையிற் புகும் நம் மாணவர்க்குக் கூறவேண்டியதும் இதுவே. விளக்கம் எழுதுதல், செய்நிரல் முடிந்தபின் மனமின்றிச் செய்யும் இறுதி வேலையன்று. செய்தது சரியா என்று அறிதற்குரிய முதல் வேலை அது. ‘இக்கட்டளை இன்னதைச் செய்யும்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ‘அல்லது’ நுழையுமாயின் கட்டளையைப் பிரித்தல் தகுமா என்று எண்ணுங்கள். ‘லாம்’ நுழையுமாயின், நீங்கள் அறியாதது யாது என்று தேடுங்கள். எச்சரிக்கை நீளுமாயின், அவ்வபாயத்தைக் கருவியிலேயே நீக்க முடியாதா என்று பாருங்கள். வாக்கியந் தெளிந்த இடத்திற் கருவியும் தெளிந்திருக்கும். வாக்கியந் தெளியாத இடத்தில் திருத்தவேண்டியது இன்னும் உள்ளது.